உமியிலிருந்து மருந்து தாங்கும் நுண்துகள்: பதினோரு தொகுதிகளின் பதிவு

சென்ற புதன்கிழமை மாலை, கரைவுச் சோதனைக் கருவியின் கண்ணாடிக் குடுவைக்குள் 48 மில்லிகிராம் வெண்பொடியைத் தூவினேன். அதே குடுவையில் இரண்டு மாதங்களாக நாங்கள் தூவி வந்த, வலிக்கும் காய்ச்சலுக்கும் தரும் மருந்தான இபுப்ரோஃபெனின் தூய பொடி, நீரின் மேல் மிதந்து, துடுப்பு சுழலச் சுழலக் கண்ணாடியின் ஓரத்தில் ஒதுங்கி, ஒரு மணி நேரம் கழித்தும் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கும். இந்தப் பொடி விழுந்த இடத்திலேயே நனைந்து, ஊசிமுனை அளவுக் குமிழிகளை விட்டபடி கீழே இறங்கியது. பத்தாவது நிமிடத்தில் எடுத்த மாதிரியில் 74 சதவீத மருந்து கரைந்திருந்தது. தூய பொடியில் அதே நேரத்தில் 18 சதவீதம்தான் கரைந்திருந்தது. அந்தப் பொடி இந்த வட்டாரத்து நெல் உமியிலிருந்து நாங்களே செய்த சிலிக்காவின் துளைகளுக்குள் மருந்தை ஏற்றியது என்பதாலும், அதற்கு முந்தைய பத்துத் தொகுதிகள், அதாவது பத்து முறை செய்த முயற்சிகள், சரியாக வரவில்லை என்பதாலும், நினைவு மங்குவதற்குள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

காரைக்குடிக்கு அருகில் உள்ள ஒரு மருந்தியல் கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறேன். முதுகலை மாணவர்கள் இருவர் என்னுடன் இந்த வேலையில் இருந்தார்கள். நீரில் எளிதில் கரையாத மருந்துகள் ஏராளம். விழுங்கிய மாத்திரையில் கரையாத பகுதி குடலைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. அதை ஈடுகட்ட மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. மருந்தை மிக நுண்ணிய துளைகளுக்குள் அடைத்துவிட்டால், அங்கே படிகமாக அடுக்கிக்கொள்ள இடமில்லாமல் ஒழுங்கற்ற நிலையிலேயே தங்கிவிடும்; நீர் பட்டதும் விரைவாக வெளியே வரும். இதற்கான சிலிக்காப் பொடிகள் விலைக்குக் கிடைக்கின்றன. ஆயினும் துளை எப்படி உருவாகிறது, எப்படிக் கெடுகிறது என்பதை மாணவர்கள் தம் கையால் செய்துபார்த்துத்தான் அறிய முடியும் என்று நான் நம்பினேன்.

உமிக்கு வருவதற்கு முன்பு சுண்ணாம்பில் ஒரு மாதம் போயிற்று. செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சைத் தினமும் பார்த்து வளர்ந்தவனுக்குக் கால்சியம் கார்பனேட் முதலில் நினைவுக்கு வந்தது இயல்பே. கால்சியம் குளோரைடு கரைசலையும் சோடியம் கார்பனேட் கரைசலையும் வேகமாகக் கலக்கினால் அழகான, துளையுள்ள உருண்டைத் துகள்கள் உடனே கிடைக்கும். உருண்டைகள் வந்தன. ஆனால் அவற்றை ஓர் இரவு நீரில் விட்டால் காலையில் கூர்முனை கொண்ட கால்சைட் படிகங்களாக மாறிக் கிடந்தன. அமில ஊடகத்தில் போட்டால் நுரைத்துக் கரைந்து, மருந்தை ஒரே நொடியில் கைவிட்டன. விடப்பட்ட மருந்து மீண்டும் படிகமாகி மேலே மிதந்தது. இரைப்பையின் அமிலத்தில் நிலைத்து நிற்கும் தாங்கிதான் எங்களுக்கு வேண்டும் என்பது அங்கே தெளிவாயிற்று. அமிலத்தில் கரையாத சிலிக்காவுக்கு மாறினோம்.

உமியும் சாம்பலும்

முதல் தொகுதிக்குத் தேவகோட்டைச் சாலையில் உள்ள ஒரு புழுங்கல் நெல் ஆலையின் கொதிகலனிலிருந்து சாம்பலாகவே வாங்கி வந்தோம். அது தவறு. கறுத்த சாம்பல்; காரத்தில் கொதிக்கவைத்து வடித்தபோது தேநீர் நிறத்தில் இறங்கியது; அதிலிருந்து வந்த சிலிக்காவும் பழுப்பாகவே இருந்தது. நிறத்தைவிடப் பெரிய கவலை வேறொன்று. கொதிகலனில் வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது. மிக அதிக வெப்பத்தில் உமியின் சிலிக்கா படிகமாக மாறிவிடும். படிகச் சிலிக்காத் தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்குத் தீராத கேடு. அந்தச் சாம்பலை ஈரமாக்கி மூட்டை கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு, உமியாகவே ஒரு சாக்கு 60 ரூபாய்க்கு வாங்கினோம். உலர்ந்த சாம்பலையும் சிலிக்காவையும் கையாளும்போதெல்லாம் அன்றுமுதல் என்95 முகக்கவசம் கட்டாயம் என்று ஆய்வகக் கதவில் எழுதி ஒட்டினேன்.

இரண்டாவது தொகுதியில் உமியைக் கழுவி, காயவைத்து, நேரடியாக மஃபிள் உலை என்னும் மூடிய மின் உலையில் 600 டிகிரியில் எரித்தோம். வெள்ளைச் சாம்பலின் நடுவே கரும்புள்ளிகள் நின்றன. இன்னும் நான்கு மணி நேரம் எரித்தும் அவை போகவில்லை. உமியில் உள்ள பொட்டாசியம் சூட்டில் சிலிக்காவின் மேற்பரப்பை உருகவைத்து, கரியை உள்ளே மூடிவிடுகிறது. மூடிய கரிக்குக் காற்று எட்டாது. பொட்டாசியத்தை முதலிலேயே வெளியேற்றினால்தான் வழி. எனவே 100 கிராம் உமிக்கு ஒரு லிட்டர் 1 நார்மல் (நார்மல் என்பது செறிவின் அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி, புகைபோக்கிப் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு, நீரில் அமிலம் போகும்வரை அலசி, உலர்த்தி, பிறகு 600 டிகிரியில் நான்கு மணி நேரம் எரித்தோம். உலையைத் திறந்தபோது உமியின் உருவம் அப்படியே இருந்தது: முதுகுவரி, நுனி, எல்லாம் இருந்தன, நிறம் மட்டும் வெள்ளை. விரல் பட்டதும் உதிர்ந்தது. 100 கிராம் உமியில் 17 கிராம் சாம்பல் நின்றது. இந்த ஒரு நிலையில் மட்டும் அதற்குப் பிறகு எந்தத் தொகுதியிலும் சிக்கல் வரவில்லை.

ஜெல் பிடித்தல்

10 கிராம் சாம்பலுக்கு 100 மில்லி 2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. கொதிக்கவைக்க எவர்சில்வர் பாத்திரம். கண்ணாடியைக் கொதிக்கும் காரம் அரிக்கும். அலுமினியத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, அது காரத்தோடு பொங்கி ஹைட்ரஜனை வெளியிடும். மூடி போட்டு இரண்டு மணி நேரம், ஆவியாகும் நீரை அவ்வப்போது ஈடுசெய்து கொதிக்கவைத்து, சூடாக வடிகட்டி, வடிதாளில் நின்ற கசடை 100 மில்லி வெந்நீரில் அலசினோம். நிறமற்ற, விரலில் தொட்டால் சோப்பு போல வழுக்கும் சோடியம் சிலிக்கேட் கரைசல் கிடைத்தது. கையுறை இல்லாமல் தொட்டதால்தான் எனக்கு அந்த வழுக்கல் தெரியும். தோல் உரிந்த விரல் ஆற ஒரு வாரம் ஆயிற்று. மாணவர்கள் யாரும் அதைச் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது தொகுதியில் 3 நார்மல் அமிலத்தை அளவிட்டு ஒரே மூச்சில் ஊற்றினோம். அமிலம் விழுந்த இடத்தில் எல்லாம் வெள்ளைக் கட்டிகள் எழுந்தன. மற்ற இடங்களில் கரைசல் கரைசலாகவே நின்றது. கட்டிகளை உடைத்துப் பார்த்தால் உள்ளே காரம். அதை முழுவதும் கொட்டிவிட்டோம். அதன்பின் சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைப் பொருத்தி, காந்தக் கலக்கியை ஓடவிட்டு, நிமிடத்துக்கு 2 மில்லியாக விட்டோம். அமில-கார அளவான பிஎச் 10-ஐ நெருங்கும்போது கரைசலில் ஒரு நீல மங்கல் தெரியும். அந்த இடத்தில் வேகத்தை நிமிடத்துக்குப் பத்துச் சொட்டாகக் குறைக்க வேண்டும். அதற்குச் சற்றுப் பின் கலக்கியின் சுழி திடீரென்று நின்றுவிடும். ஜெல் பிடித்துவிட்டது என்று பொருள். உடனே கண்ணாடிக் கோலால் உடைத்துக் கலக்கி, மீதி அமிலத்தையும் சேர்த்து, பிஎச் 7-க்குக் கொண்டுவர வேண்டும். முதலில் பிஎச் தாளையே நம்பினோம். கெட்டியான ஜெல்லில் தாள் காட்டும் நிறம் அரை அலகு, சில நேரம் ஓர் அலகு பிசகும். கல்லூரியின் பிஎச் மீட்டரை ஆறாவது தொகுதியில்தான் எடுத்தேன். முதல் நாளே எடுத்திருக்க வேண்டும்.

ஜெல்லை உடனே கழுவிக் காயவைக்காமல் ஊறவிட வேண்டும் என்பது புத்தகத்தில் உள்ளதுதான். ஆனாலும் அதைப் பொருட்படுத்தாமல் கடந்து போயிருந்தேன். எங்கள் வீட்டு வளவில் பெயர்ந்துபோன இரண்டு கற்களுக்கு மாற்று வாங்க ஆத்தங்குடிக்குப் போயிருந்தபோது, பட்டறையில் வேலை செய்த அண்ணன் ஒருவர் கண்ணாடித் தகட்டில் வார்த்த கல்லைத் தொட்டி நீரில் இறக்கிக்கொண்டிருந்தார். எத்தனை நாள் ஊற வேண்டும் என்று கேட்டேன். “சார், ஊறுற நாளுல கை வெச்சா கல்லு நிக்காது. வார்க்கிறது ஒரு நிமிசம், மத்ததெல்லாம் தண்ணியும் நெழலும்தான்” என்றார். சிமென்ட்டும் சிலிக்கா ஜெல்லும் வேறு வேறு வேதியியல். எனினும், வார்த்த உடனே உறுதி வந்துவிடாது என்பது இரண்டுக்கும் பொது. அன்று திரும்பி வந்து, ஐந்தாவது தொகுதியை அது உருவான கரைசலிலேயே மூடிவைத்து, 60 டிகிரி நீர்த்தொட்டியில் 18 மணி நேரம் விட்டேன். முதல் நாள் விரலால் அழுத்தினால் தயிராக நசுங்கிய ஜெல், மறுநாள் கரண்டியால் வெட்டினால் விளிம்பு நிற்கும் அளவு உறுதிப்பட்டிருந்தது. ஊறும்போது நுண்ணிய துகள்கள் கரைந்து பெரியவற்றின் கழுத்துகளில் படிகின்றன. சட்டகம் தடிக்கிறது, துளையும் சற்று அகலமாகிறது.

கழுவுதலில் பொறுமை வேண்டும். காரமும் அமிலமும் சேர்ந்து உண்டான சாப்பாட்டு உப்பு முழுவதும் அந்த ஜெல்லுக்குள்தான் இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் கழுவி, கழுவிய நீரில் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்ப்போம். முதல் நீரில் தயிர் உறைந்தது போல வெண்மை, நான்காவதில் பால் கலங்கல், ஏழாவதில் கறுப்புத் தாளைப் பின்னால் பிடித்தால் மட்டும் தெரியும் புகை, எட்டாவதில் தெளிவு. ஒரு முறை ஐந்தாவது கழுவலோடு நிறுத்திய தொகுதி, காய்ந்தபின் உப்புத் துகளும் சிலிக்காத் துகளுமாகப் பிரிந்து நின்றது.

உலர்த்தியதில்தான் எல்லாம் கெட்டது

நான்காவது தொகுதியைக் கல்லூரி மாடியில், சித்திரை வெயிலில், எவர்சில்வர் தட்டில் பரப்பிக் காயவைத்தோம். ஆச்சிகள் வடகம் காயவைக்கிற வெயில், ஒரே நாளில் வேலை முடிந்தது. 150 கிராம் ஈர ஜெல் மாலையில் கைப்பிடி அளவு கண்ணாடிச் சில்லுகளாகச் சுருங்கியிருந்தது. தட்டைச் சாய்த்தால் கூழாங்கல் போலச் சத்தம். அரைத்துச் சல்லடையில் சலித்தால் நல்ல பொடிதான். பார்வைக்குக் குறையே இல்லை. அதில்தான் ஏமாந்தேன். அந்தப் பொடியிலேயே மருந்தை ஏற்றி, அது ஏன் கரையவில்லை என்று மூன்று வாரம் மருந்தின் பக்கத்தில் காரணம் தேடிக்கொண்டிருந்தோம்.

துளைகளை அளக்க நைட்ரஜன் உறிஞ்சல் கருவி எங்களிடம் இல்லை. வெளியே அனுப்பினால் நாளும் பணமும் போகும். கையில் உள்ளதை வைத்து அளப்பதற்கு இரண்டு வழிகளைப் பிடித்துக்கொண்டோம். ஒன்று, எண்ணெய் உறிஞ்சல். ஒரு கிராம் பொடியைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, பியூரெட்டிலிருந்து நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வளையும் கத்தியால் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். வெகுநேரம் பொடி பொடியாகவே இருக்கும். எண்ணெய் எங்கே போகிறது என்றே தெரியாது. பிறகு ஈர மணல் போலக் குவியும். அதன்பின் இன்னும் சில சொட்டுகளில், பலகையில் பூசாமல் ஒரே உருண்டையாகத் திரளும். அந்தச் சொட்டில் நிறுத்திப் பியூரெட்டைப் படிக்க வேண்டும். இரண்டாவது வழி நீர். ஒரு கிராம் பொடியை மூடியுள்ள சிறு குப்பியில் போட்டு, 0.1 மில்லி வீதம் நீர் விட்டுக் குலுக்கிக்கொண்டே வர வேண்டும். துளைகள் நிரம்பும்வரை துகள்கள் உலர்ந்த மணலாகவே உருளும். நிரம்பிய பின் ஒரு சொட்டு கூடினாலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணாடியில் நிற்கும். எண்ணெய் அளவில் துகள்களுக்கு இடையிலான வெளியும் சேர்ந்துவிடும். நீர் அளவு துளைக்கு நெருக்கமானது. நான் நீரையே நம்பினேன்.

வெயிலில் காய்ந்த பொடி 0.35 மில்லி நீரில் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் 0.8 மில்லி. தட்டி நிரப்பிய அடர்த்தி மில்லிக்கு 0.7 கிராம். இந்த எண்களைப் பார்த்தபின் காரணம் விளங்கியது. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். துளையிலிருந்து நீர் வற்றும்போது அந்த இழுப்பு மெல்லிய சுவர்களை ஒன்றோடொன்று சேர்த்துவிடுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு அது 21 முதல் 22 வரைதான். எத்தனால் வாங்க உரிமம் வேண்டும் என்பதால், துளையில் உள்ள நீரை மாற்ற இதையே எடுத்தோம்.

கழுவிய ஜெல்லை நன்றாக வடியவிட்டு, 200 மில்லி ஆல்கஹாலில் ஆறு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, மீண்டும் புதிது ஊற்றி, நான்கு முறை மாற்றினோம். வடித்த ஆல்கஹாலைக் காய்ச்சி மீட்டோம். நீரோடு சேர்ந்தே கொதிப்பதால் மீட்டதில் எட்டில் ஒரு பங்கு நீர் எப்போதும் நிற்கும். எனவே மீட்டதை முதல் இரண்டு மாற்றங்களுக்கும், புதியதைக் கடைசி இரண்டு மாற்றங்களுக்கும் வைத்துக்கொண்டோம். ஆறாவது தொகுதியில் நான்கு முறையும் மீட்டதையே ஊற்றியதால் நீர் அளவு 0.7-க்கு மேல் ஏறவில்லை. ஆல்கஹாலில் நனைந்த ஜெல்லை நேராக மின் ஓவனில் வைக்கக் கூடாது. உள்ளே சுருள் கம்பி இருக்கிறது, ஆவி தீப்பிடிக்கும். புகைபோக்கிப் பெட்டிக்குள், வெந்நீர்த் தொட்டியின் மேல், ஊசியால் துளையிட்ட அலுமினியத் தாளால் மூடி, வாசனை முற்றிலும் போகும்வரை பன்னிரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, அதன்பிறகே ஓவனில் 120 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தோம்.

ஏழாவது தொகுதியை ஓவனிலிருந்து எடுத்தபோதே கை வேறுபாட்டைச் சொன்னது. தட்டில் சத்தமே இல்லை. சுண்ணாம்புக்கட்டி போல ஒளி ஊடுருவாத வெண்மை. விரல்களுக்கிடையில் நசுக்கினால் பஞ்சு போல அமுங்கியது. ஈர விரலில் பட்ட ஒரு துணுக்கு ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒட்டியது. அடர்த்தி மில்லிக்கு 0.2 கிராம், எண்ணெய் 2.4 மில்லி, நீர் 1.2 மில்லி. அதே உமி, அதே காரம், அதே அமிலம். உலர்த்திய முறை மட்டுமே வேறு. 75 மைக்ரானுக்கும் 150 மைக்ரானுக்கும் இடையில் நிற்பதை மட்டும் சல்லடையில் பிரித்து எடுத்தோம். 10 கிராம் சாம்பலிலிருந்து இந்த அளவில் கிடைத்தது 5.2 கிராம். மீதியில் பெரும்பகுதி அரைக்கும்போது மாவாகப் போனது.

மருந்தை ஏற்றுதல்

எட்டாவது தொகுதியில் பேராசைப்பட்டோம். ஒரு கிராம் தாங்கிக்கு ஒரு கிராம் இபுப்ரோஃபென். அசிட்டோனில் கரைத்து, பொடியை அதில் மூழ்கவிட்டு, பீக்கரைத் திறந்தே வைத்து ஆவியாகவிட்டோம். துளையின் கன அளவைப் பார்த்தால் ஏறக்குறைய கொள்ளும். ஆனால் அசிட்டோன் வற்ற வற்ற மருந்து துளைக்குள் போகவில்லை. பீக்கரின் சுவரில் ஏறி, பனை ஓலை விசிறி போலப் படிகம் விரித்தது. துகள்களின் மேலும் மெல்லிய ஊசிகள்.

இதை எப்படிக் கண்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். வெப்பப் பகுப்பாய்வுக் கருவி இல்லாத இடத்தில் படிகம் இருக்கிறதா என்று அறிய, பழுதான ஒரு மேசைக் கணிப்பானின் திரையிலிருந்து முனைவாக்கும் தாளை உரித்து எடுத்தோம். ஒரு துண்டு மாணவர் நுண்ணோக்கியின் விளக்குக்கு மேல். மற்றொன்று கண்வில்லையின் மேல். மேல் துண்டைச் சுழற்றிக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் வெளி முழுவதும் இருண்டுவிடும். அந்த இருளில் வெறும் சிலிக்கா தெரியவே தெரியாது. இபுப்ரோஃபென் படிகம் இருந்தால் வெள்ளையும் நீலமும் மஞ்சளுமாக ஒளிரும். எட்டாவது தொகுதியை வைத்தபோது கார்த்திகைத் தீபம் ஏற்றிய தெரு போல இருந்தது. அழகான காட்சி, ஆனால் அத்தனை ஒளியும் துளைக்கு வெளியே நின்ற மருந்து.

ஒன்பதாவது தொகுதியில் உருக்கி ஏற்றிப் பார்த்தோம். இபுப்ரோஃபென் 75 முதல் 78 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால் கரைப்பானே தேவையில்லை; 85 டிகிரி நீர்த்தொட்டியில் கலவையைக் கிளறினால் போதும். பாதி நன்றாக உறிஞ்சியது, பாதி அடைகளாகத் திரண்டது. ஒரே தொகுதியின் மூன்று இடங்களில் எடுத்த மாதிரிகள், எடையில் 17, 24, 29 சதவீத மருந்து காட்டின. நல்ல கலக்கி இருந்தால் இந்த வழி இன்னும் மலிவாகும் என்றே இப்போதும் எண்ணுகிறேன். எங்கள் கைக்கிளறலுக்கு அது அடங்கவில்லை.

கடைசியில் வேலை செய்தது, துளை கொள்ளும் அளவுக்குக் குறைவாகக் கொடுத்துப் பலமுறை கொடுப்பது. தாங்கியை 120 டிகிரியில் மீண்டும் ஒரு மணி நேரம் உலர்த்தி, ஈரம் புகாத மூடிய கலமான டெசிகேட்டரில் ஆறவைத்து, ஒரு கிராமுக்கு 1 மில்லி அசிட்டோன் கரைசல் மட்டும் எடுத்தோம். துளை கொள்வது 1.2. ஒரு மில்லியில் 150 மில்லிகிராம் மருந்து. ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தால், பொடி கடைசிவரை நனைந்தது போலவே தெரியாது. 40 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, மீண்டும் அதே அளவு. மொத்தம் மூன்று முறை. பத்தாவது தொகுதியில் இடையில் உலர்த்தும் நேரத்தை அரை மணியாகக் குறைத்ததால் மூன்றாவது முறை பொடி சேறாகிவிட்டது. பதினோராவதில் அந்தத் தவறும் இல்லை. ஏறியது 31 சதவீதம். முனைவாக்கும் தாளின் கீழே இருள்.

அளவிடுதலில் செய்த பிழைகள்

மருந்தளவு பார்க்கும்போது ஒரு தொகுதி 108 சதவீதம் காட்டியது. போட்டதைவிட அதிகம் வர வழியில்லை. மருந்து உறிஞ்சும் 222 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அளந்தோம், வடிதாளில் மட்டுமே வடித்திருந்தோம். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா மாவு ஒளியைச் சிதறவைத்து, மருந்து போலக் கணக்கில் ஏறிவிட்டது. 0.45 மைக்ரான் வடிசவ்வுக்கு மாறினோம். சவ்வு சிறிது மருந்தைத் தானும் பிடித்துக்கொள்வதால் முதல் 5 மில்லியை விட்டுவிட்டு அடுத்ததை அளக்க வேண்டும். வெறும் தாங்கியையும் அதேபோலக் குலுக்கி வடித்து ஒப்பீட்டுக்கு வைத்தோம்.

இதைவிடப் பெரிய பிழை ஊடகத்தில். மருந்து நூல்கள் இபுப்ரோஃபென் மாத்திரைக்குச் சொல்வது பிஎச் 7.2 பாஸ்பேட் ஊடகம். அதிலேயே சோதித்தோம். தூய பொடியும் ஏற்றிய பொடியும் பத்தே நிமிடத்தில் 90 சதவீதத்தைத் தாண்டின. தாங்கியால் பயனே இல்லை என்று ஒரு மாணவர் சோர்ந்துபோனார். இபுப்ரோஃபென் தானே ஓர் அமிலம். அந்தப் பிஎச்சில் அது தானாகவே நன்றாகக் கரையும். வேறுபாடு தெரிய வேண்டிய இடம் இரைப்பையை ஒத்த 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். 900 மில்லி, 37 டிகிரி, நிமிடத்துக்கு 50 சுற்று. அந்த அமிலத்தில் மருந்தின் கரைதிறனே மிகக் குறைவு என்பதால் ஒரு குடுவைக்கு 15 மில்லிகிராம் மருந்துக்கு ஈடான பொடியை மட்டும் போட்டோம். மிக அதிகம் போட்டிருந்தால் ஊடகமே மருந்தால் நிறைந்து, மேலும் கரைய இடம் இராது.

முடிவுகள்: 10, 30, 60 நிமிடங்களில் தூய பொடி 18, 35, 48 சதவீதம். மருந்தையும் தாங்கியையும் வெறுமனே கலந்தது பத்து நிமிடத்தில் 22. வெயிலில் காய்ந்த தாங்கியில் ஏற்றியது 31. பதினோராவது தொகுதி 74, 86, 88. வெறும் கலவையின் எண்தான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. சிலிக்கா அருகில் இருப்பதால் மட்டும் மருந்து கரைவதில்லை. உள்ளே இருந்தால்தான் கரைகிறது.

பதினோராவது தொகுதிக்கு முன்பே, அதே முறையில் இரண்டு சிறு மாதிரிகளைச் செய்து முப்பது நாள் சேமிப்பில் வைத்திருந்தோம். ஒன்றில் 23 சதவீதம், மற்றதில் 31. டெசிகேட்டரின் அடியில் சிலிக்கா ஜெல்லை எடுத்துவிட்டு, கரையாமல் மிஞ்சும்வரை சாப்பாட்டு உப்புப் போட்ட நீரை வைத்தால் உள்ளே ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தில் நிற்கும். அதை 40 டிகிரி ஓவனில் வைத்தோம். மாதக் கடைசியில் நுண்ணோக்கியின் கீழ் 23 சதவீத மாதிரி இருண்டே இருந்தது. 31 சதவீதத்தில் சில துகள்களின் ஓரத்தில் ஊசிமுனை ஒளி தெரிந்தது. ஈரம் துளைக்குள் புகுந்து மருந்தை மெல்ல வெளியே தள்ளியிருக்கிறது. பதினோராவதின் இன்றைய 74 சதவீதம் அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது.

செலவும் அடுத்த முறையும்

உமி 60 ரூபாய், சோடியம் ஹைட்ராக்சைடு 260, ஹைட்ரோகுளோரிக் அமிலம் 620, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஐந்து லிட்டர் 1,350, அசிட்டோன் 420, வடிசவ்வுகள் 1,450. ஆக 4,160 ரூபாய். வெள்ளி நைட்ரேட்டும் இபுப்ரோஃபெனும் கல்லூரி இருப்பிலிருந்து எடுத்தவை. சரியாக வந்த ஒரு தொகுதிக்கு மட்டும் கணக்குப் பார்த்தால், மின்சாரம் நீங்கலாக, 5.2 கிராம் தாங்கிக்கு ஏறத்தாழ 150 ரூபாய். அதில் பெரும்பங்கு ஆல்கஹால். இது ஆய்வகப் பொடி மட்டுமே. எவரும் உட்கொள்ளத் தகுந்தது அல்ல. உலோகக் கலப்பு, மீதி அசிட்டோன், நுண்ணுயிர் எதையும் நாங்கள் சோதிக்கவில்லை.

அடுத்த முறை ஏற்றத்தை 25 சதவீதத்தில் நிறுத்துவேன். ஜெல்லைக் காய்ந்தபின் அரைக்காமல், ஆல்கஹாலில் இருக்கும்போதே கம்பிச் சல்லடை வழியாகத் தேய்த்து இறக்கினால் மாவாகும் இழப்பு குறையும் என்று தோன்றுகிறது. எந்தத் தாங்கியையும் மருந்தோடு சேர்க்கும் முன்பு நீர் அளவு பார்க்க வேண்டும். 1 மில்லிக்குக் குறைந்தால் அந்தத் தொகுதியை அங்கேயே நிறுத்த வேண்டும். நான்காவது தொகுதியில் அந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

பன்னிரண்டாவது தொகுதி இன்று காலை இரண்டாவது ஆல்கஹால் மாற்றத்தில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மூன்றாவது ஊற்ற வேண்டும். அதற்குப் புதிய ஆல்கஹால் 400 மில்லியைத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம்.